மிளகாய்ப்பழம் தந்த நோபல் பரிசு



இந்த மலருக்கு ஆளுக்கொரு அறிஞரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். எடிசன், சர் சி.வி.ராமன், அப்துல் கலாம் என்று எல்லாப் பெயரையும் மற்றவர்கள் முந்திப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வருத்தமில்லை. நான் எழுத நினைத்தவருக்கு இங்கே போட்டியே கிடையாது. அவர் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி. ஹங்கேரி நாட்டுக்காரர். 1937-ல் நோபல் பரிசு வாங்கியவர், உலகம் அறிந்த பெயர்தான். ஆனால் நம்ம ஊரில் வைட்டமின் சி என்று சொன்னால் எலுமிச்சையும் நெல்லிக்காயும்தான் ஞாபகத்துக்கு வரும், இவர் வரமாட்டார். வாயில் நுழையாத பெயர் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு மாத்திரை.

போன செமஸ்டரில் ஒரு நாள் கெமிஸ்ட்ரி லேபில், வைட்டமின் சி மாத்திரையில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்குமே, ஆரஞ்சு நிறத்தில் சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை, அதுதான். அட்டையில் 500 மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. வேலை சுலபம். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டில் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை எடுத்துக்கொள்ள வேண்டும். இளஞ்சிவப்பு வந்து நின்றால் எண்ட் பாயிண்ட். அஸ்கார்பிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 176. கணக்குப்படி 28.4 மில்லி வரணும்.

எனக்கு 5.8 மில்லியிலேயே நிறம் வந்துவிட்டது!

மாத்திரையின் ஆரஞ்சு நிறம் கண்ணை ஏமாற்றுகிறதோ என்று நிறையத் தண்ணீர் ஊற்றி, நிறத்தை வெளுக்க வைத்து, வேறு மாத்திரையில் மறுபடி செய்தேன். 5.7 வந்தது. மூன்றாம் தடவையும் 5.8. அதாவது 500 இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 100 மில்லிகிராம். பக்கத்து மேசை நண்பர்கள் சிலர் விடையிலிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டு 28.2, 28.3 என்று எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். (கோபித்துக்கொள்ள வேண்டாம் நண்பர்களே, பெயர் போடவில்லை!) உண்மையைச் சொன்னால் நானும் ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் 28.3 என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறார். நான் பாலிடெக்னிக்கில் சேரப் போகிறேன் என்றதும் என் தாய்மாமா, இவன் மண்டையில் படிப்பு ஏறாது, பேசாமல் லேத் பட்டறையில் விட்டால் வாரச் சம்பளமாவது வரும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. இருந்தாலும், ஒரு ரீடிங் தப்பாக வந்தால் போதும், எனக்கு அவர் சொன்னதுதான் காதில் கேட்கும். நாற்பது பேருக்கு 28 வந்து எனக்கு மட்டும் 5.8 வந்தால் தப்பு என் கையில்தான் என்று நினைத்தேன்.

லேபைப் பூட்டும் நேரம் வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் மனசு கேட்காமல் 5.8-ஐ சாரிடம் காட்டினேன். அவர் திட்டவில்லை. மாத்திரை அட்டையை முழுசாகப் படித்தாயா என்று கேட்டார். நான் விழித்ததைப் பார்த்து, நூலகத்துக்குப் போய் சென்ட் ஜியார்ஜி வாழ்க்கையைப் படித்துவிட்டு நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார். மாத்திரைக்கும் வாழ்க்கை வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. போய்ப் படித்தேன்.

சென்ட் ஜியார்ஜி 1893 செப்டம்பர் 16-ல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். நம்மைப் போலக் கஷ்டப்பட்ட குடும்பம் இல்லை, அப்பாவுக்கு நிலபுலன் உண்டு. அம்மா வழியில் தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானிகள். அவருடைய தாய்மாமா மிஹாய் லென்ஹோஷேக், புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியர். பெரிய மேதை. படிப்பு விஷயத்தில் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். (தாய்மாமா செல்வாக்கு ஹங்கேரியிலும் நம்ம ஊர் மாதிரிதான் போலிருக்கிறது!)

சின்ன வயதில் சென்ட் ஜியார்ஜிக்குப் புத்தகம் என்றாலே ஆகாது. தனியாக வாத்தியார் வைத்துத்தான் பரீட்சையில் தேற வைத்தார்கள். மாமா பார்த்தார், இவன் மந்தம் என்று முடிவு கட்டிவிட்டார். பதினாறு வயதுவாக்கில் பையனுக்கு என்ன ஆனதோ, வெறி பிடித்த மாதிரி படிக்க ஆரம்பித்தான். நான் ஆராய்ச்சியாளன் ஆவேன் என்று அறிவித்தான். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. மார்க் கொஞ்சம் ஏறியதும், அழகுசாதனப் பொருள் செய்கிற தொழிலுக்கு வேண்டுமானால் போகட்டும் என்று இறங்கிவந்தார். இன்னும் ஏறியதும், பல் டாக்டர் ஆகலாம் என்றார். பள்ளியை முதல் தரத்தில் முடித்ததும் ஒருவழியாக மருத்துவப் படிப்புக்குச் சம்மதித்தார். அதிலும் ஒரு நிபந்தனை. மாமாவுக்கு மூலவியாதி இருந்தது. அதனால் மருமகன் ஆசனவாய் பற்றித்தான் ஆராய வேண்டும்! 1911-ல் கல்லூரியில் சேர்ந்தவர் எழுதிய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை அந்தப் பகுதியின் தோலைப் பற்றியதுதான். பிற்காலத்தில் இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வாராம். நோபல் பரிசு வாங்கிய பிறகு சிரிக்கலாம். அந்த வயதில் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. படிப்பு பாதியில் நின்று, ராணுவ மருத்துவப் பிரிவில் போர்முனைக்குப் போனார். வீரத்துக்கான வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். ஆனால் இரண்டு வருடம் சாவைப் பார்த்த பிறகு, இந்தப் போருக்கு ஓர் அர்த்தமும் இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. 1916-ல் தன் துப்பாக்கியால் தன் கையிலேயே சுட்டுக்கொண்டு, எதிரி சுட்டான் என்று சொல்லி ஊர் திரும்பினார். 1917-ல் மருத்துவப் பட்டம் முடித்தார். அது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வயசு போதாது. கோழை என்று மட்டும் சொல்ல முடியவில்லை. ஏன் என்று பின்னால் வரும்.

போர் முடிந்ததும் நாடு துண்டாகிப் போனது. பிழைப்புக்காக ஊர் ஊராகப் போனார். பிராக், பெர்லின், ஹாம்பர்க், லைடன் என்று ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது கற்றுக்கொண்டார். பெர்லினில் லியோனர் மைக்கேலிஸ் என்பவரிடம் வேலை செய்தார். ஹைட்ரஜன் அயனிச் செறிவை, அதாவது நாம் பி.எச். என்று சொல்வதை, அளப்பதில் அந்தக் காலத்தில் பெரிய ஆள் அவர். ஆக, அமிலத்தை அளக்க முதல் தர வாத்தியாரிடம் படித்தவர் சென்ட் ஜியார்ஜி. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1922-ல் ஹாலந்தில் குரோனிங்கன் நகருக்கு வந்தார். அங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. ஆப்பிளையோ உருளைக்கிழங்கையோ நறுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு அப்படி ஆகாது. நம் அம்மாக்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஏன் ஆகவில்லை என்று கேட்டதுதான் அவர் செய்த வேலை. தாவரங்களில் பெராக்ஸிடேஸ் என்று ஒரு நொதி உண்டு. அதோடு ஹைட்ரஜன் பெராக்சைடும் பென்சிடினும் சேர்த்தால் உடனே நல்ல நீல நிறம் வரும். (பென்சிடின் புற்றுநோய் தருவது என்று பிறகு தெரியவந்தது. யாரும் முயற்சி செய்ய வேண்டாம்!) அதே சோதனையை எலுமிச்சை மாதிரியான சாற்றில் செய்தபோது நீலம் வந்தது, ஆனால் ஏறக்குறைய ஒரு நொடி தாமதமாக வந்தது.

அந்த ஒரு நொடியைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். நானாக இருந்தால் கை தாமதம் என்று விட்டிருப்பேன். சாற்றுக்குள் இருக்கிற ஏதோ ஒரு பொருள், வருகிற நீலத்தை எல்லாம் உடனுக்குடன் ஒடுக்கி நிறமில்லாமல் ஆக்குகிறது. அந்தப் பொருள் தீர்ந்த பிறகுதான் நிறம் நிற்கிறது என்று புரிந்துகொண்டார். ரெடக்ஸ் டைட்ரேஷன் செய்தவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். நூலகத்தில் இந்த இடத்தில்தான் எனக்கு லேசாகப் பொறி தட்டியது.

ஆனால் கண்டுபிடித்தவருக்கு நேரம் சரியில்லை. 1926-ல் குரோனிங்கன் வேலை நிலைக்கவில்லை. கையில் காசு இல்லை. மனைவியையும் சின்ன மகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, எல்லாம் முடிந்தது என்கிற மனநிலையில், கடைசியாக ஒரு தடவை விஞ்ஞானிகளைப் பார்த்துவிடலாம் என்று ஸ்டாக்ஹோமில் நடந்த உடலியல் மாநாட்டுக்குப் போனார். மேடையில் தலைமை உரை ஆற்றியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிரெடரிக் கவ்லண்ட் ஹாப்கின்ஸ். அந்தப் பேச்சில் சென்ட் ஜியார்ஜியின் பெயர் ஒன்றுக்கு மேல் தடவை வந்தது! பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! தைரியத்தை வரவழைத்துப் போய்ப் பேசினார். ஹாப்கின்ஸ் அவரைக் கேம்பிரிட்ஜுக்கே அழைத்துக்கொண்டார்.

அங்கே மாடுகளின் அட்ரினல் சுரப்பியிலிருந்தும், ஆரஞ்சிலிருந்தும், முட்டைக்கோஸிலிருந்தும் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தார். 1927-ல் டாக்டர் பட்டம். வாய்பாடு C₆H₈O₆. சர்க்கரை இனம் மாதிரி இருக்கிறது, ஆனால் என்னவென்று தெரியவில்லை. ஆகவே தெரியாது என்கிற அர்த்தம் வருகிற மாதிரி இக்னோஸ் என்று பெயர் வைத்தார். பத்திரிகை ஆசிரியர் ஹார்டன் மறுத்துவிட்டார். உடனே கடவுளுக்குத்தான் தெரியும் என்கிற அர்த்தத்தில் காட்னோஸ் என்று வைத்தார்! அதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஹெக்சுரோனிக் அமிலம் என்ற பெயரோடு 1928-ல் கட்டுரை வந்தது. அப்புறம் அமெரிக்காவில் கசாப்புக்கூடங்களிலிருந்து சுரப்பிகளை வாங்கி மாதக்கணக்கில் உழைத்தும் கிடைத்தது 25 கிராம்தான். அதில் ஒரு பங்கை அமைப்பு வாய்பாடு கண்டுபிடிக்கச் சொல்லி பர்மிங்ஹாமில் ஹாவர்த்துக்குக் கொடுத்தார். போதவில்லை.

1930-ல் நாடு திரும்பி செகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அடுத்த வருடம் ஜோசப் ஸ்விர்பெலி என்ற அமெரிக்க இளைஞர் வந்து சேர்ந்தார். பிட்ஸ்பர்க்கில் கிங் என்பவரிடம் வைட்டமின் சி ஆராய்ச்சி செய்தவர். எலுமிச்சை, ஆரஞ்சு சாப்பிட்டால் ஸ்கர்வி, அதாவது ஈறில் ரத்தம் வடிந்து ஆளைக் கொல்கிற நோய், குணமாகும் என்று 1747-லேயே கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் காட்டியிருந்தார். ஆனால் எந்தப் பொருள் குணமாக்குகிறது என்று யாருக்கும் தெரியாது. ஸ்விர்பெலியிடம் மிச்சமிருந்த ஹெக்சுரோனிக் அமிலத்தைக் கொடுத்து கினிப் பன்றிகளில் சோதிக்கச் சொன்னார். மனிதனைப் போலவே கினிப் பன்றிக்கும் வைட்டமின் சி-யை உடம்பில் தயாரிக்கத் தெரியாது. எலிக்குத் தெரியும், அதனால் எலியில் சோதித்துப் பயனில்லை. தினம் ஒரு மில்லிகிராம் வாங்கியவை நன்றாக இருந்தன. வாங்காதவை ஸ்கர்வியில் செத்தன. தேடிய வைட்டமின் இதுதான்! 1932 ஏப்ரலில் கிங் ஒரு பத்திரிகையிலும் இவர்கள் இன்னொன்றிலும் இரண்டு வார இடைவெளியில் வெளியிட்டார்கள். யார் முதலில் என்ற சண்டை வெகுகாலம் நடந்தது. அதற்குள் நான் போகவில்லை.

அதே சமயத்தில் ஜெர்மனியில் டில்மான்ஸ் என்பவர், ஒரு நீலச் சாயத்தை வைத்து எலுமிச்சைச் சாற்றை டைட்ரேட் செய்துகொண்டிருந்தார். சாறு எவ்வளவு சாயத்தை நிறமிழக்கச் செய்கிறதோ அவ்வளவு வைட்டமின். டைகுளோரோபீனால் இண்டோபீனால் என்கிற அந்தச் சாயம் இன்றைக்கும் பழச்சாறு சோதனைக்குப் பயன்படுகிறது. கவனியுங்கள், இரண்டு பேருமே புளிப்பை அளக்கவில்லை.

இப்போது மிளகாய்க்கு வருகிறேன். அமிலம் தீர்ந்துவிட்டது. சுரப்பி கிடைக்காது. எலுமிச்சை, ஆரஞ்சில் உள்ள சர்க்கரைகள் பிரித்தெடுக்க விடாமல் தொல்லை கொடுத்தன. செகெட் ஊரோ பாப்ரிகா என்கிற சிவப்பு மிளகாய்க்குப் பேர் போனது. அவரே சொல்லிவந்த கதை இது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் மனைவி பச்சைப் பாப்ரிகாப் பழத்தை வைத்தார். அவருக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று மனைவியிடம் சொல்லவும் தைரியமில்லை. இதை நான் இன்னும் சோதித்துப் பார்க்கவே இல்லையே என்று சாக்குச் சொல்லி லேபுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நடுராத்திரிக்குள் விடை தெரிந்துவிட்டது. கிராமுக்கு 2 மில்லிகிராம் வைட்டமின் சி! கிராம் கணக்கில் திண்டாடியவர் அந்தப் பருவத்திலேயே ஒரு கிலோவுக்கு மேல் தயாரித்து, கேட்ட ஆராய்ச்சியாளர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். ஹாவர்த்துக்கும் போயிற்று. 1933-ல் அமைப்பு தெரிந்தது. ஸ்கர்வியை எதிர்ப்பது என்ற பொருளில் இரண்டு பேரும் அஸ்கார்பிக் அமிலம் என்று பெயர் சூட்டினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் கரிம அமிலம் என்றதும் தேடுகிற கார்பாக்சில் தொகுதி இதில் கிடையவே கிடையாது. இரட்டைப் பிணைப்பை ஒட்டி நிற்கும் ஓ.எச். தொகுதிதான் ஹைட்ரஜனைக் கொடுத்து அமிலமாக நடந்துகொள்கிறது.

1937-ல் இவருக்கு மருத்துவ நோபல் பரிசும், ஹாவர்த்துக்கும் காரருக்கும் வேதியியல் பரிசும் கிடைத்தன. தங்கப் பதக்கத்தை இவர் வைத்துக்கொள்ளவில்லை. ரஷ்யா பின்லாந்தின் மேல் படையெடுத்தபோது, 1940-ல், அந்த நாட்டு மக்களுக்கு உதவியாகக் கொடுத்துவிட்டார். போரில் தன் கையைத் தானே சுட்டுக்கொண்டவர் 1943-ல் என்ன செய்தார் தெரியுமா? ஹிட்லரின் பிடியிலிருந்து ஹங்கேரியை விடுவிக்க, பிரதமரின் ரகசியத் தூதராக இஸ்தான்புல் போய் பிரிட்டிஷ்காரர்களிடம் பேசினார். விஷயம் கசிந்து ஹிட்லரின் கோபத்துக்கு ஆளாகி, போர் முடியும்வரை தலைமறைவாக வாழ்ந்தார். கோழை என்று சொல்ல முடியவில்லை என்றேனே, இதனால்தான்.

1947-ல் அமெரிக்கா போய் வுட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊரில் தங்கிவிட்டார். தசை எப்படிச் சுருங்குகிறது என்ற ஆராய்ச்சியில் அவர் செய்தது தனியாக ஒரு கட்டுரை அளவுக்கு இருக்கிறது. மனைவியையும் பிறகு மகளையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, கடைசிக் காலம் முழுக்க அந்த நோயோடு மல்லுக்கட்டினார். அதில் ஜெயிக்கவில்லை. 1986 அக்டோபர் 22-ல் 93 வயதில் காலமானார்.

மறுநாள் லேபுக்குப் போனேன். சார் கேட்கும் முன்பே மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்திருந்தேன். பொடி எழுத்தில் இருந்தது: அஸ்கார்பிக் அமிலம் 100 மில்லிகிராம், சோடியம் அஸ்கார்பேட் 450 மில்லிகிராம். இந்த 450, நானூறு மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலத்துக்குச் சமம். முழுக்க அமிலமாக வைத்தால் சப்பமுடியாத புளிப்பு என்பதால் பெரும்பகுதியை உப்பாக மாற்றி வைத்திருக்கிறார்கள். உப்பில் ஏற்கெனவே சோடியம் இருக்கிறது, சோடியம் ஹைட்ராக்சைடு அதை என்ன செய்யும்? மிச்சமிருந்த 100-ஐ மட்டும் அது அளந்து கொடுத்திருக்கிறது. 5.8 சரியான ரீடிங்தான்!

சார் அயோடின் பாட்டிலை எடுத்து வைத்தார். புது மாத்திரை ஒன்றை, கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் கரைத்து 100 மில்லி ஆக்கினேன். சாதாரணத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே வைட்டமினைக் கொஞ்சம் தின்றுவிடும். 20 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலமும் ஸ்டார்ச்சும் சேர்த்து, பியூரெட்டிலிருந்து 0.1 நார்மல் அயோடினை விட்டேன். அயோடின் அமிலமா உப்பா என்று பார்ப்பதில்லை. ஒடுக்குகிற சக்தி எவ்வளவு என்றுதான் பார்க்கும். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் நீலம் தோன்றும், பிளாஸ்க்கைச் சுழற்றினால் மறையும். குரோனிங்கனில் அவர் பார்த்த அதே தாமதம். 11 மில்லி தாண்டியதும் நீலம் மறைய யோசித்தது. 11.3-ல் நின்றுவிட்டது. மில்லிக்கு 8.8 மில்லிகிராம், ஐந்தால் பெருக்கினால் 497.

ரெக்கார்டில் பென்சிலால் எழுதிய 28.3-ஐ ரப்பரால் அழித்தேன். பேப்பர் கொஞ்சம் கிழிந்துவிட்டது. அந்த இடத்திலேயே பேனாவால் 5.8 என்றும், அடுத்த பக்கத்தில் 11.3 என்றும் எழுதினேன். சார் இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். டீ குடிக்கப் போன நண்பர்களில் இரண்டு பேர் அன்றைக்கு சாயங்காலம் அயோடின் பாட்டில் எங்கே என்று என்னிடம் கேட்டு வந்தார்கள்.

— வேதிப் பொறியியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்